மூன்று விரல்

தையல்காரம்மாவின் இரண்டு கண்களுக்குள்ளும் அழற்சி. அபூர்வமான நோய், இன்னதென்று கண்டுபிடிக்கவே டாக்டருக்கு மூன்று வாரம் பிடித்தது. எழுத்துப் பலகை சுத்தமாகத் தெரியாததால், கையை நீட்டி விரலை எண்ணச் சொன்னார்.

மூன்று விரல் காட்டினால் ஏழு என்றாள். இரண்டு காட்டினால் ஆறு. பார்வை மங்கியவர்கள் தப்பாக எண்ணுவது சகஜம்தான். ஆனால் தப்பு இப்படி ஒரே அளவாக இருக்காது. டாக்டர் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"இப்ப?"

"நாலு."

கூட வந்த தங்கை முகம் வெளிறிப்போனாள். "அக்கா வீட்டுக்காரர் போன மாசம்தான் தவறிட்டார், டாக்டர். அவருக்கு வலது கையில நாலு விரல்தான். ஒண்ணை மெஷின் எடுத்துக்கிச்சு."

டாக்டர் மணிக்கொரு தரம் விடச் சொட்டு மருந்து எழுதினார். கண் மளமளவென்று தேறியது. ஏழு ஆறாயிற்று, பிறகு ஐந்து, நான்கு. இன்றைக்கு மூன்று விரலைப் பார்த்து மூன்று என்றாள். சொல்லிவிட்டு, அந்தக் கைக்குப் பக்கத்து வெற்றிடத்தைத் தேடிப் பார்த்தாள்.

"நல்லா தெளிஞ்சிருக்கும்மா. மருந்தை மட்டும் நிறுத்திடாதீங்க."

"நிறுத்தினா பழையபடி ஆயிடுமா?"

"ஆயிடும்."

அவள் போனபின் டாக்டர் கை கழுவ வராந்தாவுக்குப் போனார். வாஷ்பேசினுக்குக் கீழே குப்பைக்கூடையில், சற்றுமுன் கொடுத்த மருந்துப் புட்டி சீல் உடைக்காமல் கிடந்தது.