மாரடைப்புன்னு எழுதிரு

எம்.ரெட்டியபட்டியில் சாவு நடந்த வீடுகளுக்குப் போய், ஆராய்ச்சிக்காகக் காரணம் கேட்டு எழுதுவது தங்கலட்சுமியின் வேலை. அன்றைக்கு அது கடைசி வீடு.

“மாரடைப்புன்னு எழுதிரு தாயி,” என்றார் இறந்தவரின் தம்பி சுப்புராஜ்.

“டவுனு டாக்டரு டி.பி.ன்னுல்ல சொன்னாரு?”

“வீட்டுல கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்கு. டி.பி. வந்த வீடுன்னா எவன் கட்டுவான்?”

“எல்லாரும் மாரடைப்புன்னே சொன்னா, இந்தப் பக்கம் டி.பி.யே இல்லைன்னு ஆயிரும். அப்புறம் மருந்து எப்படி வரும்?”

“அந்தப் பொண்ணைக் கொஞ்சம் நெனச்சுப் பாரு.”

“நெனச்சுட்டேன் சித்தப்பா. தெரிஞ்சே என்னைக் கட்டுறவன் வரட்டும்.”

தன் அப்பாவின் பெயருக்கு எதிரே ‘காசநோய்’ என்று எழுதினாள்.

சுப்புராஜ் அவளையே பார்த்தார். “எங்கண்ணன் புள்ளைல்ல நீ,” என்று பேனாவை வாங்கி, தகவல் சொன்னவர் இடத்தில் நெஞ்சை நிமிர்த்திக் கையெழுத்துப் போட்டார்.