எதிரே எழும் கை

சேக்காட்டிலிருந்து அம்பத்தூர் தையல் கம்பெனிக்குச் சைக்கிளில் போகும் தாட்சாயிணி, காலை வெயிலில் எதிரே மின்னிவரும் அந்த ஹெல்மெட்டைக் கண்டதும் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கிறாள். கறுப்புக் கண்ணாடி, மூக்குவரை ஏற்றிக் கட்டிய துணி, மெலிந்த டயர் போட்ட ரேஸ் சைக்கிள். இந்த வாரம் முழுக்க அவளைப் பார்த்துக் கை தூக்குகிற ஆள். "யாரு அண்ணி அது?" என்று கொழுந்தன் மோகன் நேற்றே ஒரு மாதிரியாகக் கேட்டுவிட்டான். இன்றும் கை எழுகிறது. டீக்கடையில் நிற்பவர்கள் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகாமல் பார்க்கிறார்கள். தாட்சாயிணி சைக்கிளைக் குறுக்கே நிறுத்துகிறாள். "இன்னா, டெய்லி கை காட்டிகினு போற? யாரு நீ?" பிரேக் கிறீச்சிடுகிறது. கண்ணாடி கழல்கிறது, துணி இறங்குகிறது; வியர்வையில் நனைந்த ஒரு பெண்ணின் முகம். "என் பேரு கிருஷ்ணப்பிரியா, அக்கா. பக்கத்து ஃபிளாட்ஸ்லதான் இருக்கேன். காலைல சைக்கிள் ஓட்டுற குரூப்பு நாங்க; எதிர்ல சைக்கிள்ல யாரு வந்தாலும் கை காட்டுவோம்." "எதுக்கு?" "சும்மாதான்." "சொம்மா யாராச்சும் கை காட்டுவாங்களா?" அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கண்ணாடியை மாட்டிக்கொள்கிறாள். அவள் ஹெல்மெட்டின் ஓரத்தில் ஏதோ சிவப்பாக மினுங்கிக்கொண்டிருக்கிறது. கேமராவா? படம் பிடிக்கிறாளோ? தாட்சாயிணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெடலை மிதிக்கிறாள். "போயிட்டு வாங்க அக்கா" என்று பின்னால் குரல் கேட்கிறது. திரும்பிப் பார்க்காமலேயே அவளுடைய இடது கை மேலே எழுந்துவிடுகிறது. சட்டென்று அதை இறக்கிக்கொண்டு, யார் யார் பார்த்தார்கள் என்று டீக்கடைப் பக்கம் திரும்புகிறாள்.