துட்டி வீட்டுக்கு ஒரு கட்டம்

சித்தி கைகளை நீட்டிவிட்டாள். பிறகு அவளே மடக்கிக்கொண்டாள்.

"ஏட்டி, கிட்ட வராத. ஒனக்கும் ஒட்டிக்கிடும்."

துக்கம் கேட்க வந்தவள், வாசலை மறித்துக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றாள்.

வாசலில் ஒற்றைப் பாய். பாயில் சித்தி மட்டும்.

சித்தப்பா, அவளுடைய அப்பாவோடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். ஊரில் பரவும் இந்தக் காய்ச்சலில் போனார். உடலை ஆஸ்பத்திரியிலிருந்தே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள்.

சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வரும் பெண் பாயில் உட்கார வேண்டும். கழுத்தைக் கட்டிக்கொண்டு, நெற்றியோடு நெற்றி முட்டி அழ வேண்டும். அடுத்தவள் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. இந்தத் தெருவில் துக்கத்தையும் அப்படித்தான் ஆள் மாற்றித் தூக்குவார்கள்.

இன்று தெருப் பெண்கள் எல்லாரும் கயிற்றுக்கு வெளியே. முகக்கவசத்தோடு.

"தொடக் கூடாதாம்லா. எந்த ஆபீசுல எவன் உக்காந்து சொன்னானோ. அவன் வீட்டுல எழவே விழாதாக்கும்?" என்றாள் பக்கத்தில் நின்ற இசக்கியம்மாள்.

அந்த எவன், கேட்டுக்கொண்டு நின்ற அவள்தான்.

சுகாதார அலுவலகத்தில் அவளுக்கு வேலை. நோய் எப்படிப் பரவும் என்று கணக்குப் போட்டுக் காட்டும் மென்பொருள். வீடு, வேலை, பள்ளிக்கூடம், பஸ் என்று அதில் கட்டங்கள் இருந்தன. துட்டி வீடு இல்லை. அதைச் செய்த ஊரில் தொடாமல் அழுவார்கள் போல.

அவள் சேர்த்தாள்.

ஒரு துட்டி வீட்டிலிருந்து சிவப்புப் புள்ளிகள் தெருத் தெருவாக ஏறின. தொடுவதைப் பூஜ்யமாக்கிப் பார்த்தாள். சிவப்பு பாதியாக அடங்கியது.

அதைக் காட்டினாள். உத்தரவு வந்தது.

கணக்கில் தப்பில்லை. இப்போதும் இல்லை.

சித்தி அழவில்லை. அதைத்தான் பார்க்க முடியவில்லை. வேலை முடிந்து, போகச் சொல்ல ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பவள் மாதிரி இருந்தாள்.

அவள் குனிந்து கயிற்றுக்கு அடியில் நுழைந்தாள்.

"சொன்னாக் கேக்க மாட்டியா, மூதி."

சித்தியின் குரல் அதற்குள் உடைந்துவிட்டது.

பாயில் உட்கார்ந்தாள். கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நெற்றியில் நெற்றி பட்டது.

சித்தியின் நெற்றி கொதித்தது.

அவள் விடவில்லை. சித்தி வாய்விட்டு அழுதாள். தெருவே கேட்கும்படி அழுதாள்.

பின்னால், கயிற்றுப் பக்கம், யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம்.

பிறகு இன்னொருத்தி.