கவிழ்த்த வாளி

"இடிச்சுத் தள்ளுங்கம்மா! இதெல்லாம் ஒரு கட்டடமா?" என்று படபடத்தார் தாடிக்காரர்.

நகராட்சிப் பொறியாளர் நூலகக் கூடத்தில் மேஜை போட்டுக் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஊரார் 'கவிழ்த்த வாளி' என்று கேலி பேசும் நூலகம் அது. உலகப் புகழ் பெற்ற ஒரு கட்டடக் கலைஞரின் முதல் வேலை. அதன் பிறகு அவர் பத்து நாடுகளில் கட்டினார். போன இடமெல்லாம் விருதும் வாங்கினார், வசவும் வாங்கினார். வாளி இருக்கட்டுமா, இடிக்கலாமா என்று பொறியாளர் இன்றைக்கே அறிக்கை அனுப்பியாக வேண்டும்.

வந்தவர்கள் அநேகமாக எல்லாரும் இடிக்கத்தான் சொன்னார்கள். வேண்டாம் என்று வந்தவர் ஒரே ஒருவர், கையில் குடையோடு.

"நேர்ச் சுவர் ஒண்ணாவது இருக்கா? வளைஞ்ச சுவர்ல எந்த அலமாரி ஒட்டும்?" என்றார் தாடிக்காரர்.

"ஒட்டாதுதான். அந்தச் சந்துல புகுந்துக்கிட்டுத்தான் பிள்ளைங்க படிக்குதுங்க. போய்ப் பாருங்க" என்றார் குடைக்காரர்.

"மழை பெஞ்சா ஒழுகுது!"

"பதினோரு இடத்துல. எண்ணி வெச்சிருக்கேன். அதுக்காக? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துறதா?"

"அந்தக் கோடியில ஒருத்தர் இருமினா இந்தக் கோடியில கேக்குது!"

"கேக்கட்டுமே! நாலு மணிக்கு மாடிப்படியில வெயில் இறங்கும் பாருங்க..." குடைக்காரர் குடையை மார்போடு அணைத்துக்கொண்டார். "இதை இடிச்சுட்டா நான் எங்க போவேன்?"

பொறியாளருக்கு மனசு இளகிவிட்டது. பெற்றவர்களைத் தவிர வேறு யார் இப்படி உருகுவார்கள்?

"சார், நீங்கதானே இதைக் கட்டினவர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அவர் இல்லம்மா" என்றார் தாடிக்காரர். "கட்டின பாவி நான்தான்."

குடைக்காரர் துள்ளி எழுந்தார். "நீங்களா? போட்டோவுல தாடி இல்லையே!"

"எனக்கு எந்த விருது கிடைச்சாலும், 'முதல்ல அந்த ஓட்டை வாளியைப் போய்ப் பாருங்க'ன்னு ஒரு பத்திரிகைக்காரன் எழுதிடறான். முப்பது வருஷமா இதே பாட்டு. படிச்சுப் படிச்சு, அவன் சொல்றதுதான் சரின்னு எனக்கே தோணிடுச்சும்மா. இடிச்சுடுங்க, நிம்மதியா இருப்பேன்."

பொறியாளர் குடைக்காரர் பக்கம் திரும்பினார். "அப்ப நீங்க யாரு சார்?"

குடைக்காரர் திருதிருவென்று விழித்தார். "அந்தப் பத்திரிகைக்காரன்தான். குறை கண்டுபிடிக்கத் தினமும் வந்து வந்து... எனக்கே தெரியாம மனசு ஒட்டிக்கிச்சுங்க."

"அடப்பாவி! இதை ஒரு தடவை எழுதியிருந்தா நான் எதுக்குய்யா இடிக்கச் சொல்லப்போறேன்?" என்று அவரைத் தாவிக் கட்டிக்கொண்டார் தாடிக்காரர்.