பைத்தியத்துக்கு ஒரு கையெழுத்து

"டாக்டர், இவரை உடனே உள்ளே போட்டுப் பூட்டுங்க. முத்திப் போச்சு!" என்று கணவன் ஒபெங்கை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள் சேர்வா.

டாக்டர் டொம்ஃபே பேனாவை மூடினார். "நினைச்சா பூட்டிட முடியாதும்மா. தனக்கோ மத்தவங்களுக்கோ ஆபத்தா இருக்கணும். யாரையாவது அடிச்சாரா?"

"நேத்து ஆட்டோட சண்டை போட்டார்."

"யார் ஜெயிச்சா?"

"ஆடுதான்."

எதற்கும் இருக்கட்டும் என்று ஒபெங் தரையில் விழுந்து புரள ஆரம்பித்தான். "நான் வாழைக்காய்! என்னைப் பொரிக்காதீங்க!"

டாக்டர் சிரித்துவிட்டார். "எந்திரிய்யா. இருபது வருஷமா இதே வேலைதான் பார்க்கறேன். புரள்றதுக்கு முன்னாடி வாட்சைக் கழட்டிப் பத்திரமா என் மேஜையில வெச்ச பைத்தியத்தை இப்பதான் பார்க்கறேன்."

வாழைக்காய் எழுந்து உட்கார்ந்தது.

"காப்பாத்துங்க டாக்டர். குமாசியில உதிரிபாகக் கடை வெச்சு நிம்மதியா இருக்கேன். எங்க ஊர் ராஜா போய்ச் சேர்ந்துட்டார். அம்மா வழியில அடுத்த வாரிசு நான்தானாம். அரண்மனை ஆளுங்க பல்லக்கை வேன் மேல கட்டிக்கிட்டுத் துரத்திட்டு வந்துட்டாங்க, வாசல்ல நிக்கறாங்க. பட்டம் கட்டிட்டா தெருக்கடையில ஒரு வாய் சாப்பிட முடியாது, கால்பந்து பார்க்க முடியாது, வெறுங்காலோட நடக்கக்கூட முடியாது. பைத்தியத்துக்கு மட்டும்தான் பட்டம் கட்ட மாட்டாங்க!"

"இவர் ராஜாவாயிட்டா நான் யார்கிட்ட சண்டை போடுவேன்?" சேர்வா நிஜமாகவே அழுதுவிட்டாள்.

"எந்த ஊரு?"

"அசுபோன்யே."

"அட, எங்கம்மாவும் அந்த ஊர்தான்!"

டாக்டருக்கு மனசு இளகிவிட்டது. 'சித்தம் கலங்கியவர். கட்டாயம் உள்ளே வைத்துக் கவனிக்க வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு அரண்மனையின் ராஜமாதா உள்ளே வந்தார். பின்னால் நாலு தடியர்கள். டாக்டர் நீட்டிய கடிதத்தைப் படித்துப் பெருமூச்சு விட்டார்.

"போகட்டும். இவன் இல்லேன்னா அடுத்த வாரிசு இருக்கான். பட்டணம் போனதோட ஊர்ப்பக்கமே எட்டிப் பார்க்காத ஒருத்தியோட மகன். ஏதோ பைத்தியக்கார ஆஸ்பத்திரியில டாக்டராம்." ராஜமாதா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு டாக்டரை உற்றுப் பார்த்தார். "ஏன் தம்பி, உங்கம்மா பேரு அஃப்ரியேதானே?"

டாக்டர் தன் வாட்சைக் கழற்றி, ஒபெங்கின் வாட்சுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டுத் தரையில் படுத்தார்.