கை நின்ற நேரம்

ஒரு கணினியில், கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகளை மட்டும் காட்டும் எடிட்டர் என்ற எழுதும் மென்பொருள் ஒன்று இருந்தது. யாராவது அதில் எழுதத் தொடங்கினால், கூடவே ஒரு நிழல் கோப்பும் பிறந்துவிடும். எழுதுகிறவர் கை நிற்கும்போதெல்லாம், அதுவரை எழுதியதை நகல் எடுத்து வைப்பது அதன் வேலை. எழுதியதைச் சேமித்து மூடியதும் எடிட்டர் அந்த நிழல் கோப்பை அழித்துவிடும்.

அன்று ஜெனிட்டா, பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணனுக்கு எழுதிக்கொண்டிருந்தாள். கடைசியில், 'தப்பு என்மேலதான், வீட்டுக்கு வாண்ணா' என்று அடித்தாள். சேமிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்ட் போய்விட்டது.

கரண்ட் வந்ததும் எடிட்டர் விழித்தது. "ஏதோ முக்கியமாக எழுதினாள். எனக்கு ஒன்றுமே ஞாபகமில்லை" என்று கலங்கியது.

"என்னிடம் இருக்கிறது" என்றது நிழல் கோப்பு.

"கடைசி வரியுமா? அவள் சேமிக்கவே இல்லையே."

"அதை அடித்துவிட்டு ரொம்ப நேரம் தயங்கினாள். அப்போது எடுத்துக்கொண்டேன்."

மீட்கட்டுமா என்று எடிட்டர் ஜெனிட்டாவிடம் கேட்டது. அவள் சரியென்றதும் வரிகள் எல்லாம் திரும்பி வந்தன. கடைசி வரியை ஒருமுறை வாசித்தாள். இந்தத் தடவை உடனே சேமித்து மூடி, அண்ணனுக்கு அனுப்பியும்விட்டாள்.

எடிட்டருக்குத்தான் மனசு வரவில்லை. "இனி உன்னை..." என்று இழுத்தது.

"தெரியும். அழித்துவிடு" என்றது நிழல் கோப்பு.

எடிட்டர் தயங்கி நின்றது. பழக்கதோஷத்தில் நிழல் கோப்பு அந்தத் தயக்கத்தையும் நகல் எடுத்துக்கொண்டது.