சக்களத்தி

“அம்மா! ரம்பத்தைக் கீழ வை!”

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கத்தினாள் மகள்.

அம்மா காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கூடத்தில் பழைய போர்வையை விரித்து, செடியின் நீண்ட தண்டை அதில் சாய்த்துப்போட்டு, கர்ரக் கர்ரக்கென்று அறுத்துக்கொண்டிருந்தாள்.

ஏதோ ஒரு செடியா அது? அப்பாவின் மான்ஸ்டெரா! பதினாலு வருஷமாகப் பிள்ளையைப் போல வளர்த்தது. முறம் முறமாய் இலை, இலைக்கு இலை ஓட்டை. நார் சுற்றிய கம்பைப் பிடித்து ஏறி, கூரையை முட்டி, அங்கிருந்து வளைந்து ஜன்னலையும் அடைத்துக்கொண்டு நின்றது. அம்மா அதற்கு வைத்த பேர் ‘சக்களத்தி’. அதைக் கேட்டு அப்பா சிரிப்பார். அம்மா சிரித்ததில்லை.

சரிந்த தண்டைத் தூக்கிக் கட்ட ஸ்டூல் போட்டு ஏறியவர்தான் அப்பா. மல்லாக்க விழுந்தார். முதுகில் பலத்த அடி. மூன்று வாரம் ஆஸ்பத்திரி. இன்றைக்குத்தான் வீட்டுக்கு வருகிறார்.

அதற்குள் இந்தக் கூத்து.

“செடியைப் பழி வாங்கறியா?”

“கையில உறை மாட்டிக்கிட்டு வா. பால் பட்டா அரிக்கும்.”

“நான் என்ன கேக்கறேன், நீ என்ன சொல்றே!”

மகள் பழைய மேஜை நாற்காலி வாங்கி விற்கிறவள். கடைத்தெருவில் அவளுக்கு ‘கறார்’ என்றே பேர். ஐந்து ரூபாய் தேறாத ஸ்டூலை ஐம்பதுக்குத் தலையில் கட்டிவிட்டு, வாங்கினவன் வாயாலேயே நன்றியும் சொல்ல வைப்பாள். எப்பேர்ப்பட்ட ஆளும் அவளிடம் இறங்கித்தான் ஆகவேண்டும்.

மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு பேரத்தில் இறங்கினாள்.

“சரி, வெட்டினது வெட்டினதாவே போகட்டும். மிச்சத்தை விட்டுடு. உச்சிக் குருத்துல கை வைக்காதே.”

“அதைத்தான் முதல்ல வெட்டினேன். அதோ, தண்ணியில நிக்குது.”

சுவரோரமாக ஏழெட்டுப் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு. துண்டுக்கு ஒரு கணு, கணுவுக்கு ஒரு விழுது, ஒரே ஒரு இலை. கொலையிலும் ஒரு நேர்த்தி!

“வேரையாவது விடும்மா!”

“அதையும் மூணாப் பிரிச்சாச்சு.”

நிஜம்தான். பெரிய தொட்டியின் வேர்க்கட்டியைக் கையாலேயே பிரித்து, மூன்று சின்னத் தொட்டிகளில் நட்டிருந்தாள். கூரையைத் தொட்ட செடி, மொட்டையடித்த மாதிரி முட்டளவுக்கு நின்றது.

மகளுக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. இருபத்தெட்டு வருஷத்தில் அம்மா எதற்கும் மாட்டேன் என்று சொல்லி அவள் கேட்டதில்லை. இன்றைக்கு ஒரு பைசா இறங்குவேனா என்கிறாள்.

அடுத்ததாக அம்மா அந்த நார்க் கம்பை எடுத்து மடியில் வைத்தாள். முழத்தால் ஒருமுறை, விரலால் ஒருமுறை அளந்தாள். அதன்மேலும் ரம்பத்தை வைத்தாள்.

“கம்பையுமா! செடி ஏறத்தானேம்மா கம்பு? துண்டு துண்டாக்கி என்ன பண்ணப்போறே, அடுப்பெரிக்கவா?”

“இவ்வளவு ஏறினாப் போதும். இதுக்கு மேல வளர்ந்தா மறுபடி வெட்டுவேன்.”

அதுதான் மகளின் வாயைக் கிளறிவிட்டது.

“எனக்குத் தெரியும்மா! கண் முழிச்சதும் அப்பா முதல்ல கேட்டது என்ன? ‘செடிக்குத் தண்ணி ஊத்தினீங்களா?’ உன்னைக் கேக்கலை. அந்த வயித்தெரிச்சலை இப்பத் தீர்த்துக்கறே. அதானே?”

அம்மாவின் கை நின்றது.

“ஆமா. என்னைக் கேக்கலை,” என்றாள். ரம்பம் மறுபடி ஓடியது.

மகள் பாய்ந்து கம்பின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். அம்மா மறுமுனையை விடவில்லை. சின்னப் பிள்ளைகள் மாதிரி இரண்டு பேரும் மல்லுக்கட்டும்போது போன் அடித்தது. தம்பி.

“அக்கா, கிளம்பிட்டோம். அரை மணி நேரத்துல அங்க இருப்போம். அப்பா ஒரே குஷி. செடி எத்தனை இலை விட்டிருக்குன்னு எங்கிட்ட பந்தயம் கட்டியிருக்கார்.”

போனை வைத்தவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“கேட்டியா? அந்த மனுஷன் வந்து பார்த்தா நெஞ்சு வெடிச்சிடும்மா! ஒரு மாசத்துல எழுந்து நடப்பார்னு பெரிய டாக்டரே சொல்லியிருக்கார். நடந்து வந்து, ‘எங்கேடி என் செடி?’ன்னு உன் முன்னால நின்னா என்ன பதில் சொல்லுவே?”

“டாக்டரை அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தான்.”

“என்னது?”

“ஆஸ்பத்திரியில கிடக்கறப்ப வேண்டாம், வீட்டுக்கு வந்ததும் நிஜத்தை நானே சொல்லிக்கறேன்னு கேட்டுக்கிட்டேன். இன்னிக்குச் சொல்லணும்.”

மகளின் பிடி தானாக விட்டுப்போயிற்று.

அம்மா அறுத்த துண்டைத் தொட்டியில் ஊன்றினாள். தண்டு நசுங்காமல் துணி நாடாவால் ஒரு சுற்றுச் சுற்றி, தளர முடிச்சுப் போட்டாள். இலையில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தாள்.

“ஆஸ்பத்திரியில யாரும் பார்க்காதப்ப, அவருக்குக் குடுத்த சக்கர நாற்காலியில உக்காந்து கையைத் தூக்கிப் பார்த்துட்டு வந்தேன். உங்கப்பாவுக்கு இனிமே இவ்வளவு உயரம்தாண்டி எட்டும்.”